கால ஊனக்கூடாத ஆட்டத்துக்கு மூணு ஜோடி பூட்ஸ்

அஞ்சு வருஷம், மூணு ஜோடி, மொத்தம் 410 பவுண்ட். இதுல மொத ரெண்டு ஜோடிக்கு குடுத்தது சுத்த தண்டம், மூணாவது தான் இன்னைக்கும் கார் டிக்கில சேறோட கெடக்கு. ட்ரையல்ஸ் பைக் ஓட்டுற தமிழ் ஆளுங்க எத்தன பேர் இருப்பீங்கன்னு தெரியல, ஆனா போன மாசம் நம்ம பையன் ஒருத்தன் "அண்ணா புதுசா ஆரம்பிக்கிறேன், என்ன பூட்ஸ் வாங்கலாம்"னு கேட்டான், நாலு வாய்ஸ் நோட் அனுப்பியும் சொல்லி முடியல, அதான் ஒரேயடியா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ட்ரையல்ஸ்னா ரேஸ் இல்ல. ஓடைக்குள்ள, பாறை மேல, வேர் பின்னிக் கெடக்குற மேட்டுல ஒரு சின்ன பாதைய குறிச்சு வச்சிருப்பாங்க, அதுக்கு செக்‌ஷன்னு பேரு, அத கால் தரைல படாம வண்டில கடக்கணும், அவ்ளோதான் ஆட்டமே. ஒரு தடவ கால ஊனினா 1 பாயிண்ட், ரெண்டு தடவன்னா 2, அதுக்கு மேல எத்தன தடவ ஊனினாலும் 3, வண்டி கவுந்துட்டா 5. கம்மியா வாங்குறவன் தான் ஜெயிப்பான். வண்டி 70 கிலோவ ஒட்டி இருக்கும், உக்கார சீட்டுன்னு ஒண்ணு கெடையாது, பின் டயர்ல காத்து 4, 5 பிஎஸ்ஐ தான். டோனி போன்னு ஒரு ஸ்பெயின்காரர் 2007ல இருந்து 2024 வரைக்கும் ஒரு வருஷம் கூட விடாம இண்டோர் அவுட்டோர் ரெண்டுலயும் உலக சாம்பியன், அவர் வீடியோவ பாத்துட்டு ஆரம்பிச்சவன் தான் நானும். நான் இருக்குறது இங்கிலாந்துல வெஸ்ட் யார்க்‌ஷயர், பழைய ட்ரையல்ஸ் உலக சாம்பியன் டக்கி லாம்ப்கின் ஊரெல்லாம் இங்க பக்கத்துல தான், ஞாயித்துக்கெழம ஆனா ஏதாவது ஒரு பண்ணைலயோ பழைய கல்குவாரிலயோ கிளப் ட்ரையல் இருக்கும். என்கிட்ட இருக்குறது ஒரு பழைய பீட்டா ஈவோ 200. எனக்கு அது போதும், சொல்லப்போனா அதுவே அதிகம்.

இப்ப பூட்ஸுக்கு வருவோம். கால ஊனக்கூடாத ஆட்டம் தானே, பூட்ஸ் எதுவா இருந்தா என்னன்னு தான் நானும் நெனச்சேன். ஆனா ஒரு நாள் ட்ரையல்ல நாம வண்டில இருக்குற நேரத்த விட நடக்குற நேரம் அதிகம். 10 செக்‌ஷன், 4 ரவுண்ட்னு வைங்க, ஒவ்வொரு செக்‌ஷனையும் மொதல்ல நடந்து போய் பாக்கணும், எந்த கல்லு ஆடுது, எங்க தண்ணி ஆழம், எங்க திரும்பணும்னு. முன்னாடி போறவன் எப்படி போறான்னு ஏறி நின்னு பாக்கணும், விழுந்தவன் வண்டிய இழுத்து விடணும். ஒரு நாள் போன்ல பாத்தேன், 14,000 ஸ்டெப். மிச்ச நேரம் முழுக்க பெக் மேல, அதாவது வண்டில கால் வைக்கிற பல்லு வச்ச இரும்புக் கட்டை மேல, நின்னுகிட்டே இருக்கோம். அதனால இதுக்கு பூட்ஸ் தேடுறப்ப பைக் பூட்ஸ் தேடுறோம்னு நெனைக்காதீங்க, மலை ஏறுறதுக்கும் நாள் பூரா ஒரு இரும்பு விளிம்பு மேல நிக்கிறதுக்கும் பூட்ஸ் தேடுறோம்னு நெனச்சுக்கோங்க. இத எனக்கு மொதல்லயே யாராவது சொல்லியிருந்தா 175 பவுண்ட் மிச்சம்.

மொத ஜோடி செகண்ட் ஹேண்ட் மோட்டோகிராஸ் பூட்ஸ், 90 பவுண்ட். முட்டி வரைக்கும் பிளாஸ்டிக், கணுக்கால்ல கீல், போட்டுட்டு நடந்தா ரோபோ மாதிரி இருந்துச்சு, ஆனா பாக்க கெத்தா இருந்துச்சுல்ல, வாங்கிட்டேன். மொத நாள் ட்ரையல்ல வண்டி ஸ்டார்ட் கூட பண்ணல, ரெண்டாவது செக்‌ஷன நடந்து பாக்க ஓடைல எறங்கினேன், பாசி புடிச்ச கல்லுல கால் வச்சது தான் தெரியும், முழங்கை பேந்துடுச்சு. வண்டில இருந்து விழுந்தா கூட ஒரு மரியாத, நான் நடந்து போறப்ப விழுந்தேன், அதுவும் 70 வயசு தாத்தாங்க நாலு பேர் பாக்க. இது பூட்ஸோட தப்பு இல்ல, மோட்டோகிராஸ்ல வளைவுல கால நீட்டுறப்ப அது மண்ணுல மாட்டாம வழுக்கிட்டு போகணும், அதுக்காகவே சோல மொழமொழன்னு தட்டையா செய்வாங்க. நமக்கு வேண்டியது நேர் எதிர், ஈரப் பாறைல கவ்வுற பட்டன் பட்டனா இருக்குற ரப்பர்.

அத விட பெரிய பிரச்சின கணுக்கால். ட்ரையல்ஸ்ல ஒடம்பு முன்ன பின்ன போய்ட்டே இருக்கும், முட்டி மடங்கி எறங்கும், ஒரு பெக்குல இருந்து இன்னொரு பெக்குக்கு எடைய மாத்திட்டே இருக்கணும், இதுக்கெல்லாம் கணுக்கால் முன்னாடியும் கொஞ்சம் பக்கவாட்டுலயும் மடங்கணும். மடங்கலன்னா ஒடம்பு மொத்தமா சாயும், வண்டியும் கூடவே சாயும். பின் பிரேக் வேற வலது கால்ல. செங்குத்தா எறங்குறப்ப பிரேக்க மயிலிறகால தொடுற மாதிரி தொடணும், அந்த பூட்ஸ்ல எனக்கு பிரேக் பெடல் எங்க இருக்குன்னே தெரியாது, ஒண்ணு மிதிக்கவே மாட்டேன் இல்ல வீல் லாக் ஆயிடும். ஆறு மாசத்துல வித்துட்டேன், மோட்டோகிராஸ் ஓட்டுற பையன் 50 பவுண்ட் குடுத்தான், அவனுக்கு அது அருமையா செட் ஆச்சுன்னு அப்புறம் சொன்னான்.

ரெண்டாவது ஜோடி தான் எரிச்சல கெளப்பின ஜோடி. ஆன்லைன்ல 85 பவுண்ட், "ட்ரையல்ஸ் பூட்ஸ், ஜெனியூன் லெதர்"னு போட்டிருந்தான், பிராண்ட் பேர் வேண்டாம் விடுங்க. வந்தப்ப சாக்ஸ் மாதிரி மெத்துன்னு இருந்துச்சு, மொத நாளே பழகின செருப்பு மாதிரி இருக்கேன்னு சந்தோஷப்பட்டேன். அந்த சந்தோஷத்த தான் சந்தேகப்பட்டிருக்கணும். ரெண்டே மாசத்துல விரல் மடங்குற எடத்துல மேல் பூச்சு உரிய ஆரம்பிச்சுது, பழைய சோபா ரெக்ஸின் உரியுமே அந்த மாதிரி, உள்ள சாம்பல் கலர்ல நாரு நாரா தெரிஞ்சுது. நாலாவது மாசம் வண்டி எடது பக்கம் சாஞ்சு இஞ்சினுக்கும் பாறைக்கும் நடுவுல கணுக்கால் மாட்டிக்கிச்சு, பூட்ஸ்ல கணுக்கால் மேல கெட்டியான கிண்ணம் மாதிரி ஒண்ணு இருக்கணும், இதுல வெறும் பஞ்சு தான் இருந்துருக்கு, மூணு வாரம் நொண்டினேன். ஏழாவது மாசம் எடது பூட்ஸ் நடுவுல வாய பொளந்துடுச்சு. விரல் பக்கம் இல்ல, குதிகால் பக்கமும் இல்ல, சரியா பாதத்தோட வளைவுல, பெக்கோட பல்லு எங்க கடிக்குதோ அங்க. வித்தவன கேட்டா வாரண்டி ஆறு மாசம், இது சாதா தேய்மானம்னுட்டான்.

எங்க அப்பா ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனில 28 வருஷம் வேல பாத்தவர், லாஸ்டிங் செக்‌ஷன். அதாவது தச்சு வர்ற அப்பர, அதான் ஷூவோட மேல் பாகத்த, கால் அச்சு மேல மாட்டி இழுத்து அடில மடிச்சு ஒட்டுற எடம். இவ்ளோ வருஷம் அவர் பையனா இருந்தும் பூட்ஸ் வாங்குறப்ப அவர கேக்கணும்னு தோணல பாருங்க, அது தான் புத்தி. அன்னைக்கு வீடியோ கால்ல பேச்சு வாக்குல காட்டினேன்.

"அத அறுத்து காட்டுடா"ன்னார்.

"எதுக்குப்பா?"

"செத்து போச்சுல்ல, அறுத்து பாத்தா தான எதனால செத்துதுன்னு தெரியும்."

கிச்சன் டேபிள்ல பேப்பர் விரிச்சு, ஆக்சா பிளேடால எடது பூட்ஸ நடுவுல குறுக்கா அறுத்தேன், என் வீட்டுக்காரி அந்த டேபிள்ல தான் நாம சாப்பிடுறோம்னு ஞாபகம் இருக்கான்னு கேட்டுட்டு வெளிய போய்ட்டா. போன பக்கத்துல கொண்டு போய் காட்டினேன். அப்பா கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு ரொம்ப நேரம் பாத்தார். மேல இருந்தது தோல் தான், ஆனா ஸ்ப்ளிட். மாட்டுத்தோல கெடமட்டமா ரெண்டா அறுப்பாங்க, மேல் பக்கம் வர்றது தான் கிரெய்ன், முடி வேர் இருந்த பக்கம், அதுல தான் பலம் எல்லாம், அடில வர்றது ஸ்ப்ளிட், அது மேல பிளாஸ்டிக் படலம் ஒட்டி மாட்டுத்தோல் மாதிரியே டிசைன் அச்சடிச்சு வித்தா அதையும் தோல்னு தான் சொல்லுவான், பொய் இல்ல. அப்புறம் ஒட்டுன எடத்த காட்ட சொன்னார். அப்பர் அடில மடிஞ்சு இன்சோலோட ஒட்டுற பகுதி ஒரு கட்டவிரல் அகலமாவது இருக்கணுமாம், இதுல அதுல பாதி கூட இல்ல. அதோட ஒட்டுறதுக்கு முன்னாடி அந்த எடத்துல மேல் பூச்ச சுரண்டி எடுக்கணும், அதுக்கு ரஃபிங்னு பேரு, அத சரியா செய்யாம பூச்சு மேலயே பசைய தடவியிருக்கான், அதனால பசை விடல, பூச்சு தான் விட்டுருக்கு, சோல்ல அப்படியே கறுப்பு தோல் மாதிரி ஒட்டிட்டு இருந்துச்சு. இன்சோல நகத்தால கீறினேன், ஈர அட்டை மாதிரி பேந்து வந்துச்சு. நடுவுல ஷாங்க் இருக்கணும், பாத வளைவுக்கு அடில ஓடுற ஸ்டீல் பட்டையோ கெட்டி நைலானோ, அது தான் பெக்கு பாதத்துல குத்தாம தாங்குறது. இதுல ஒரு மெல்லிசான தகடு, ஐஸ்கிரீம் குச்சி நீளம் இருந்துச்சு, ரெண்டா ஒடஞ்சு.

"இது பூட்ஸ் இல்லடா, அட்டபொட்டி"ன்னார் அப்பா. அப்புறம் "எவ்ளோ குடுத்த?"ன்னார், சொன்னேன், நம்ம காசுல எவ்ளோன்னு கேட்டார், அதையும் சொன்னேன், அதுக்கு மேல எதுவும் பேசல.

மூணாவது ஜோடிய ஆன்லைன்ல வாங்கல. முக்கா மணி நேரம் கார் ஓட்டிட்டு போய், ட்ரையல்ஸ் சாமான் மட்டுமே விக்கிற ஒரு கடைல வாங்கினேன், 2022 அக்டோபர். ஷெல்ஃப்ல கேர்னே, சிடி, ஆல்பைன்ஸ்டார்ஸ், ஃபோர்மா, ஹெபோ எல்லாம் வரிசையா. ஒரு விஷயம் சுவாரசியமா இருந்துச்சு, கேர்னே 1962, சிடி 1960, ரெண்டும் இத்தாலில மாசெர்னு ஒரே சின்ன ஊர்ல ஆரம்பிச்சது, ஆல்பைன்ஸ்டார்ஸ் 1963ல அதுக்கு பக்கத்து ஊர் அசோலோல. அந்த வட்டாரமே மலையேறுற பூட்ஸ், ஸ்கீ பூட்ஸ் செய்யுற வட்டாரம், நடு ஊரு மான்டெபெல்லூனா. அப்பாகிட்ட சொன்னப்ப "அப்ப அது அவங்க ஊர் ஆம்பூர்"னார். வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டைன்னு நம்ம பக்கமும் அப்படி தானே, ஒரு தெரு விட்டா இன்னொரு தெருவுல யாராவது ஒருத்தர் தோல்லயோ ஷூலயோ இருப்பாங்க.

இதுல எந்த பிராண்ட் வாங்கினேன்னு கடைசி வரைக்கும் சொல்ல போறதில்ல, மெசேஜ்ல கேட்டாலும் சொல்ல மாட்டேன், காரணம் இருக்கு. அப்பா சொன்னது, ஒரே மாடல் பேர் பத்து வருஷம் ஓடும், ஆனா உள்ள இருக்குற லாஸ்ட், அதாவது கால் அச்சு, நடுவுல மாறிடும், தோல் வாங்குற டேனரி மாறும், சில சமயம் செய்யுற ஃபேக்டரியே மாறும், வெளிய லேபிள் மட்டும் அதே. எனக்கு 2022ல சரியா இருந்தது உங்களுக்கு இப்ப அதே பேர்ல வேற பூட்ஸா வரலாம். அதோட உங்க கால் என் கால் இல்ல.

கால் பத்தி தனியா சொல்லணும். நாமெல்லாம் காலேஜ் போற வரைக்கும் ரப்பர் செருப்பு, இல்லன்னா வெறுங்கால், முன் பாதம் விசிறி மாதிரி விரிஞ்சு கெடக்கும். இத்தாலிக்கார அச்சு பல நேரம் ஒடுக்கம். மொதல்ல போட்டு பாத்ததுல என் சைஸ் 42 சுண்டு விரல நசுக்குச்சு, சரின்னு 43 போட்டா அகலம் ஓகே ஆனா குதிகால் உள்ள எழும்பி எழும்பி எறங்குது, அப்படி எழும்பினா ஒரே நாள்ல கொப்புளம், அதோட பிரேக் பெடல்ல பூட்ஸ் நுனி எங்க இருக்குன்னு கணக்கு தப்பும். மூணாவதா போட்டதுல அதே 42லயே முன்னாடி எடம் இருந்துச்சு, பின்னாடி குதிகால கவ்வி புடிச்சுது. அதனால அகலத்துக்காக சைஸ் ஏத்தாதீங்க, வேற லாஸ்ட் தேடுங்க. சாயங்காலமா போங்க, காலைல விட சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கி இருக்கும். ட்ரையலுக்கு போடுற அதே தடி சாக்ஸ், முட்டிக்கு பேட் போடுறவங்கன்னா அதையும் எடுத்துட்டு போங்க, நான் எடுத்துட்டு போகல, திரும்ப கார் வரைக்கும் ஓடினேன்.

கடைல மாடிப்படி ஒண்ணு இருந்துச்சு, அந்த கடைக்கார அம்மா, வயசு அறுபது இருக்கும், எல்லாரையும் "லவ்"னு தான் கூப்பிடுவாங்க யார்க்‌ஷயர் வழக்கம், அவங்களே "படி விளிம்புல முன் பாதத்த மட்டும் வச்சு பத்து நிமிஷம் நில்லு லவ்"னாங்க. பத்து நிமிஷம்! மூணு நிமிஷத்துல ஒரு ஜோடி காட்டி குடுத்துடுச்சு, பாதத்துக்கு அடில விளிம்பு கோடு மாதிரி தெரிய ஆரம்பிச்சுது. ஷாங்க் பத்தல. அப்புறம் கழட்டி ரெண்டு கையால பூட்ஸ துணி புழியுற மாதிரி முறுக்கி பாத்தேன், நடுப்பகுதி லேசா தான் முறுகணும், விரல் மடங்குற எடம் மட்டும் நல்லா மடங்கணும். உக்காந்து எழுந்து பாத்தேன், முழுசா குந்தினப்ப கணுக்கால் முன்னாடி போகுதா, பின்னாடி கெண்டக்கால்ல விளிம்பு இடிக்குதா. தோல விரலால உள்ள இருந்து தள்ளி மடிச்சு பாத்தேன், இது அப்பா பாடம், முழு கிரெய்ன் தோல்னா நம்ம விரல் முட்டி மேல இருக்குற மாதிரி பொடிப்பொடி சுருக்கம் வரும், பூச்சு போட்டதுன்னா பெரிய பெரிய மடிப்பா பிளாஸ்டிக் பை மாதிரி வரும். தோலோட வெட்டு விளிம்பு தெரியுற எடம் எங்கயாவது இருந்தா அதையும் பாருங்க, மேல படலம் ஒட்டியிருக்கான்னு.

லேபிள்ல ஈஎன் 13634ன்னு இருக்கணும், மோட்டார் சைக்கிள் காலணிக்கு ஐரோப்பாவுல அது தான் ஸ்டாண்டர்டு. அதுக்கு கீழ நாலு நம்பர், ஒவ்வொண்ணும் 1 இல்ல 2. மொதல் நம்பர் பூட்ஸோட உயரம், ரெண்டாவது தேய்மானத்த தாங்குறது, மூணாவது வெட்டுப்படாம தாங்குறது, நாலாவது பக்கவாட்டுல நசுக்குனா எவ்ளோ தாங்கும்னு. நம்ம ஆட்டத்துக்கு நான் பாத்தது அந்த கடைசி நம்பர். 60 மைல் வேகத்துல ரோட்ல தேய்ச்சுட்டு போக போறதில்ல, வண்டி மெதுவா சாஞ்சு கால பாறையோட சேத்து அமுக்கும், அது தான் நமக்கு நடக்குறது. என் ரெண்டாவது ஜோடில இந்த லேபிளே இல்ல, நான் தேடவும் இல்ல.

எடுத்தது எண்ணெ ஏத்தின பிரவுன் தோல், மூணு பக்கிள், கணுக்காலுக்கு உள் பக்கம் வெளிப்பக்கம் ரெண்டுலயும் கெட்டி கிண்ணம், முட்டிக்கு கீழ முன் எலும்புக்கு ஒரு தகடு, சோல் ஒட்டுனதோட நிக்காம சுத்தி தையல். அந்த தையல் ஒரு பள்ளமான காடிக்குள்ள ஓடுது, வெளிய தெரிஞ்சா பெக்கோட பல்லு நூல தின்னுடும். கிச்சன் தராசுல ஒரு பூட்ஸ் 1,380 கிராம். 235 பவுண்ட் ஆச்சு. கார்டு தேய்க்கிறப்ப கை கொஞ்சம் நடுங்குச்சு, உண்மைய சொல்றேன்.

மொத மாசம் நரகம். இது போட்ட ஒடனே மெத்துன்னு இருக்குற ஜாதி இல்ல, மரக்கட்ட மாதிரி வெறச்சுகிட்டு நிக்கும். தண்ணில ஊற வச்சு போட்டு நடந்தா சீக்கிரம் பழகும்னு கிளப்ல ஒருத்தர் சொன்னார், அப்பா "அப்படி செஞ்சா பழகாது, நாசமா போவும்"னார். தெனம் சாயங்காலம் ஒரு மணி நேரம் வீட்டுக்குள்ள போட்டுட்டு நடந்தேன், மாடி ஏறி எறங்கினேன், பாத்திரம் கழுவினேன், கீழ் வீட்டுக்காரங்க என்ன நெனச்சாங்களோ. நாலாவது ட்ரையல்ல ஒரு செக்‌ஷன் முடிச்சுட்டு எறங்கினப்ப தான் கவனிச்சேன், அன்னைக்கு காலைல இருந்து பூட்ஸ்னு ஒண்ணு இருக்குறதே ஞாபகம் வரல. பின் பிரேக்க நுனி விரலால தொடுற மாதிரி தொட முடிஞ்சுது. பாயிண்ட் கொறஞ்சுதான்னு கேக்காதீங்க, அது பூட்ஸ் வேல இல்ல.

இப்ப ரெண்டரை வருஷம், அறுபது ட்ரையல் பக்கம் ஆச்சு. என்ன ஆகியிருக்குன்னு சொல்றேன். சோல் வளைவுல பெக் பல்லு கடிச்சு கடிச்சு அஞ்சு பைசா அளவு பள்ளம் ரெண்டு, ஆனா தையல் அப்படியே இருக்கு. முன் பாதத்துல பட்டன் பாதி தேஞ்சுடுச்சு. வலது பூட்ஸ் விரல் பக்கம் பாறைல இடிச்சு இடிச்சு ஒரு வரிசை தையல் விட ஆரம்பிச்சிருக்கு, ரெண்டு வரிசை இருந்ததால தப்பிச்சேன். எடது பூட்ஸ்ல கியர் லிவர் தேய்க்கிற எடம் புதுசு மாதிரி இருக்கு, ட்ரையல்ஸ் வண்டில லிவர் வேணும்னே எட்டி முன்னாடி தள்ளி இருக்கும், ஒரு செக்‌ஷனுக்குள்ள கியர் மாத்துறதே அபூர்வம். ஒரு பக்கிள் பட்டை பாறைல மாட்டி அறுந்துச்சு, 9 பவுண்டுக்கு தனியா கெடச்சுது, திருப்புளி வச்சு அஞ்சு நிமிஷத்துல மாட்டினேன். வாங்குறதுக்கு முன்னாடி பட்டை, பக்கிள் தனியா கெடைக்குமான்னு கேட்டு வைங்க, கெடைக்கலன்னா ஒரு 9 பவுண்ட் சமாச்சாரத்துக்காக மொத்த பூட்ஸும் குப்பைக்கு போகும். வெல்க்ரோ மட்டும் நம்பி இருக்குற பூட்ஸ் வேண்டவே வேண்டாம், ஒரு தடவ சேறு புகுந்தா அது ஒட்டுறதுக்கு பதிலா வணக்கம் வைக்கும்.

கொற இல்லாம இல்ல. மேல் பக்கிள் சில நேரம் தானா தெறந்துக்கும், வெயில் காலத்துல உள்ள சட்டில கால வச்ச மாதிரி, நனஞ்சா கனம், காய ரெண்டு நாள்.

தண்ணி விஷயத்துல ரெண்டு கட்சி உண்டு. உள்ள வாட்டர்ப்ரூஃப் படலம் வச்ச பூட்ஸ் வேணும்னு ஒரு கட்சி, வேண்டாம்னு ஒரு கட்சி. நான் நடுவுல. மழை, ஈரப்புல்லு, கணுக்கால் அளவு ஓடைன்னா படலம் சொர்க்கம். ஆனா ஒரு தடவ தண்ணி மேல் விளிம்பு வழியா உள்ள போயிடுச்சுன்னா அதே படலம் தண்ணிய வெளிய விடாது, அன்னைக்கு பூரா ரெண்டு வாளிய கால்ல கட்டிட்டு நடக்கணும். ஸ்காட்லாண்ட்ல ஃபோர்ட் வில்லியம்ல மே மாசம் நடக்குற சிக்ஸ் டேஸ் ட்ரையல்ல ஒரு நாளைக்கு 30 செக்‌ஷன், அது மாதிரி ஆறு நாள், முழுக்க மலை ஓடையும் சதுப்பும், அங்க போய்ட்டு வந்த கிளப் ஆளுங்க கிட்ட கேட்டா பாதி பேர் பூட்ஸ நம்புறதே இல்ல, வாட்டர்ப்ரூஃப் சாக்ஸ தான் நம்புறாங்க. எங்க கிளப்ல 1965க்கு முந்தின வண்டி மட்டும் ஓட்டுற தாத்தாங்க ஒரு குரூப் உண்டு, பிஎஸ்ஏ பான்டம், டைகர் கப்னு வச்சிருப்பாங்க, அதுல ஒருத்தர் இன்னைக்கும் வயக்காட்டு ரப்பர் பூட்ஸ்ல தான் ஓட்டுறார். நான் மெட்ராஸ் பக்கம்னு தெரிஞ்சதும் "அப்ப நீ புல்லட் ஊரு"ன்னார். ஜானி பிரிட்டன் 1952லயும் 1957லயும் ராயல் என்ஃபீல்டுல தான் சிக்ஸ் டேஸ ஜெயிச்சார், அத நேத்து பாத்த மாதிரி சொல்லுவார். 2019ல என்ஃபீல்டு நம்ம ஊர்ல புல்லட் ட்ரையல்ஸ்னு ஒண்ணு விட்டாங்களே, அது அந்த ஞாபகத்துல தான்னு சொன்னேன், ரொம்ப சந்தோஷப்பட்டார், அதுல கேரியர் வச்சிருந்தாங்கன்னு சொல்லி அவர் மனச நான் ஒடைக்கல.

பராமரிப்பு பெரிசா ஒண்ணும் இல்ல. சேறு காயறதுக்கு முன்னாடி வாளி தண்ணியும் பிரஷும். பைக் கழுவுற பிரஷர் கன்ன பூட்ஸ் மேல அடிக்காதீங்க, தையல் ஓட்டை வழியா தண்ணி உள்ள ஏறும். பேப்பர் திணிச்சு நெழல்ல காய வைங்க, வீட்ட சூடாக்குற ரேடியேட்டர் மேல வச்சா தோல் அப்பளம், பசையும் எளகும். மாசம் ஒரு தடவ மெழுகு. இது வரைக்கும் எல்லாரும் சொல்றது தான். யாரும் சொல்லாதது ஒண்ணு இருக்கு. ஈபேல "புதுசு, போடவே இல்ல, எட்டு வருஷமா பொட்டிலயே இருக்கு"ன்னு பாதி விலைக்கு வரும், வாங்காதீங்க. பல பூட்ஸ்ல சோலுக்கு நடுவுல பாலியூரித்தேன் நுரை இருக்கும், அது காத்துல இருக்குற ஈரத்தாலயே உள்ளுக்குள்ள இத்துகிட்டே வரும், போட்டாலும் போடலன்னாலும். கல்யாணத்துக்குன்னு பீரோல வச்ச ஷூ, அஞ்சு வருஷம் கழிச்சு எடுத்து போட்டு மண்டபத்துக்குள்ள போறதுக்குள்ள ரஸ்க் மாதிரி பொலபொலன்னு உதிருமே, நம்ம வீடுகள்ல எல்லாரும் பாத்தது தான், அதே கதை. முழு ரப்பர் சோலுக்கு இந்த வியாதி இல்ல.

ஊர்ல ஹீரோ எக்ஸ்பல்ஸ் வண்டி வச்சுகிட்டு ட்ரையல்ஸ் பூட்ஸ் வாங்கலாமான்னு கேக்குற தம்பிகளுக்கு: வண்டிய டெம்போல ஏத்திட்டு போய் கல்லு மேட்டுல மட்டும் ஓட்டுறீங்கன்னா தாராளமா வாங்குங்க. ஏலகிரி, ஜவ்வாது மலைன்னு ஹைவேல 80ல போய் அப்புறம் மண் ரோட்ல எறங்குற ஆளுன்னா இது வேண்டாம், அட்வென்ச்சர் பூட்ஸ் பாருங்க, அந்த வேகத்துல விழுந்தா முட்டிக்கு கீழ இத விட கெட்டியா ஏதாவது இருக்கணும். இறக்குமதி பண்ணினா வரி வேற சேரும், அதையும் கணக்கு பண்ணிட்டு முடிவு பண்ணுங்க.

இப்ப என் ஜோடிக்கு புது சோல் போடணும். இங்க ரெண்டு செருப்பு தைக்கிற கடைல கேட்டேன், ஒருத்தர் பைக் பூட்ஸ் எடுக்குறதில்லன்னார், இன்னொருத்தர் 95 பவுண்ட் கேட்டார். அப்பாகிட்ட சொன்னேன், "டிசம்பர்ல வர்றல்ல, தூக்கிட்டு வா, நம்ம பாஷா பாய்கிட்ட குடுத்தா பிரிச்சு தச்சு குடுப்பாரு, அச்சு நான் பாத்து வைக்கிறேன்"னார். பெட்டில 23 கிலோல ரெண்டே முக்கா கிலோ இதுக்கே போகுது. வீட்டுக்காரி, மாமாவுக்கு வாங்கின ஸ்வெட்டர எடுத்து வெளிய வைக்கிறதா இல்ல சேறு புடிச்ச பூட்ஸ எடுத்து வெளிய வைக்கிறதான்னு கேட்டுட்டு இருக்கா. அப்பாவுக்கு போன் போட்டு கேட்டேன். ஸ்வெட்டர் வேண்டாமாம், ஆம்பூர்ல எங்கடா குளிருதுன்னார், பூட்ஸ மட்டும் கழுவாம கொண்டு வர சொன்னார், எங்கெங்க தண்ணி ஏறியிருக்குன்னு பாக்கணுமாம்.